ஒலிக்கோப்பின் வாக்குமூலம்

ஒரு பாட்டுக் கோப்பைப் பிளேயரில் திறந்தால் பாட்டு கேட்கும். அதையே ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் வெறும் எண்கள்தான். பல லட்சம் பைட்டுகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஏதோ ஒரு மதிப்பு. எது ஒலி, எது ஒலியைப் பற்றிய குறிப்பு என்று பார்த்தவுடன் பிடிபடாது. எந்த வடிவத்தில் இருந்தாலும் ஒலிக்கோப்புக்குள் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று ஒலி. மற்றது அந்த ஒலியைப் பற்றிக் கோப்பே சொல்லிக்கொள்ளும் கூற்றுகள்: வினாடிக்கு எத்தனை சாம்பிள், எத்தனை சேனல், மொத்த நீளம் எவ்வளவு, பாடியவர் யார், எந்த மென்பொருளில் உருவானது. பிளேயர் இந்தக் கூற்றுகளை நம்பித்தான் ஒலியை வாசிக்கிறது. அவை உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடோ பெரும்பாலான வடிவங்களில் கிடையாது. ஒலிக்கோப்பை ஆராய்வதில் முக்கால்வாசி வேலை, கூற்றையும் சரக்கையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதுதான் என்பேன். அந்தக் கண்ணோட்டத்தில் இன்று புழங்கும் முக்கிய வடிவங்களை இங்கே அலசுகிறேன். பைட் மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணில் எழுதுவது தொழில் வழக்கம். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

கூற்றுகளிலேயே மிகப் பலவீனமானது கோப்புப் பெயரின் வால். எம்பி3 என்ற வாலை ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் 1995 ஜூலை 14 அன்று முடிவு செய்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பிலும் ஒட்டலாம். அதனால் விவரமான மென்பொருள் வாலைப் பார்ப்பதோடு நிற்காமல் முதல் சில பைட்டுகளையும் பார்க்கும். 82, 73, 70, 70 என்று தொடங்கினால் வேவ் குடும்பம். 102, 76, 97, 67 என்றால் ஃபிளாக். 79, 103, 103, 83 என்றால் ஆக். 73, 68, 51 என்றால் டேக், அதாவது பாட்டு, பாடியவர் பெயர்க் குறிப்பு, வைத்த எம்பி3. ஐந்தாவது பைட்டிலிருந்து 102, 116, 121, 112 வந்தால் எம்4ஏ. அழிந்துபோன மெமரி கார்டிலிருந்து பாட்டுகளை மீட்கும் மென்பொருள்கள் கோப்புப் பெயர் எதுவும் மிஞ்சாத இடத்தில் இந்தத் தொடக்க எண்களைத் தேடித்தான் வேட்டையாடுகின்றன.

44 பைட்டில் ஒரு முன்னுரை

வேவ் கோப்பின் மூதாதை 1985-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஜெர்ரி மாரிசன் வகுத்த ஐஎஃப்எஃப் என்ற பொது வடிவம். அதன் சூத்திரம் மிக எளிது. கோப்பைத் துண்டுகளாகப் பிரி. ஒவ்வொரு துண்டின் தலையிலும் நான்கெழுத்துப் பெயரும் நான்கு பைட்டில் நீளமும் எழுது. தெரியாத பெயர் வந்தால் அந்த நீளத்தைத் தாண்டிக் குதி. ஆப்பிள் இதை வைத்து 1988-இல் ஏஐஎஃப்எஃப் வடிவத்தைச் செய்தது. (அதில் வினாடிக்கான சாம்பிள் எண்ணிக்கையை 80 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக எழுதுவார்கள். 44100 என்ற ஒரு முழு எண்ணுக்கு இத்தனை ஆடம்பரம்.) மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் அதே சூத்திரத்தை எடுத்து, எண்களின் பைட் வரிசையை இன்டெல் சில்லுகளின் வழக்கப்படி திருப்பிப் போட்டு, வேவ் என்று வெளியிட்டன. இன்டெல் வழக்கில் எண்ணின் சிறிய பகுதி முதலில் வரும்.

சாதாரண ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒன்றின் முதல் 44 பைட்டுகளை வாசித்துப் பார்க்கலாம். முதல் நான்கில் குடும்பப் பெயர். அடுத்த நான்கில் கோப்பின் மொத்த அளவு, ஆனால் எட்டு பைட் கழித்து; அதுவரை எழுதிய எட்டையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு வேவ் என்ற நான்கு எழுத்து. அடுத்து அமைப்பைச் சொல்லும் துண்டின் பெயர். அதில் எழுத்து மூன்றுதான், நான்காவது இடத்தை நிரப்ப ஓர் இடைவெளி. துண்டின் நீளம் 16. வகை 1, அதாவது சுருக்கப்படாத ஒலி. சேனல் 2. அடுத்து 68, 172, 0, 0. 172-ஐ 256-ஆல் பெருக்கி 68-ஐக் கூட்டினால் 44100, இதுதான் சாம்பிள் வீதம். அதை அடுத்து வினாடிக்கு 176400 பைட் என்ற எண். பிறகு 4, ஒரு கணத்துக்குரிய இரண்டு சேனல் சாம்பிள்களும் சேர்ந்து எடுக்கும் பைட். பிறகு 16, ஒரு சாம்பிளுக்கான பிட். கடைசியாக ஒலித்துண்டின் பெயரும் நீளமும். 45-ஆவது பைட்டிலிருந்து இடது, வலது, இடது, வலது என்று சாம்பிள்கள் கோப்பு முடியும்வரை போகும்.

44100 என்ற விசித்திர எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடவசதியும் வேகமும் வீடியோ ரெக்கார்டரிடம்தான் இருந்தது. ஒலி எண்களைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி அதில் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் வினாடிக்கு 60 புலம், புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 சாம்பிள். ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 வரி, அதே 3 சாம்பிள். இரண்டையும் பெருக்கினால் ஒரே விடை. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைப் பிடிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேல் வேண்டும் என்ற நைக்விஸ்ட், ஷானன் கணிதத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. பிலிப்ஸும் சோனியும் அதையே குறுந்தகட்டுக்கு எடுத்துக்கொண்டன.

கூற்று பொய்யானால் என்ன ஆகும் என்பதை வேவ் கோப்பில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 68, 172 என்ற இரண்டு பைட்டையும் பாதியாக்கி 34, 86 என்று மாற்றிச் சேமியுங்கள். இப்போது கோப்பு சொல்வது 22050. ஒலியில் ஒரு பைட்கூட மாறவில்லை. ஆனாலும் பாட்டு இருமடங்கு நேரம் இழுத்து, ஒரு ஸ்தாயி கீழே, வித்வான் தூக்கத்தில் பாடுவதாகக் கேட்கும். இது விளையாட்டுச் சோதனை. நடைமுறையில் வரும் கோளாறு நுட்பமானது. 44100-இல் பதிந்ததை 48000 என்று சொல்லும் கோப்பு ஒன்பது விழுக்காடு வேகமாக ஓடும், சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறும். பாடகரை முன்பு கேட்டிராதவருக்கு இது தவறென்றே தோன்றாது. இந்தத் தவறைக் கோப்பின் உள்ளிருந்து கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. வினாடிக்கான பைட் கணக்கு என்பது மற்ற எண்களைப் பெருக்கினாலே கிடைத்துவிடும் உபரித் தகவல். யாரோ கைவைத்து ஓரிடத்தில் மாற்றி மற்றதை மறந்திருந்தால் பெருக்கல் உதைக்கும்.

வகை எண்ணும் கவனிக்க வேண்டியது. வேவ் என்றாலே சுருக்கப்படாதது, உயர்தரம் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த எண் 1 ஆக இருந்தால் அது சரி. 6 அல்லது 7 என்றால் தொலைபேசித் தரம். 85 என்றால் உள்ளே இருப்பது எம்பி3. வேவ் வெறும் உறைதான், உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகள் இரண்டு தொல்லைகளைக் கொண்டுவந்தன. அவற்றில் எழுதக்கூடிய பெரிய எண் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. குறுந்தகட்டுத் தரத்தில் ஆறே முக்கால் மணி நேரம். விடிய விடிய நடக்கும் கூத்தை 24 பிட்டில் ஒரே மூச்சாகப் பதிந்தால் பாதி இரவிலேயே எல்லை முட்டும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஆர்எஃப்64 என்ற நீட்டிப்பைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். இரண்டாவது தொல்லை பதிவை நிறுத்தும்போது வருவது. பதிவு முடிந்தால்தான் நீளம் தெரியும் என்பதால் பல ரெக்கார்டர்கள் அந்த இடத்தில் பூஜ்யத்தை எழுதிவைத்துவிட்டு, நிறுத்து பொத்தானை அழுத்தியதும் திரும்பிவந்து நிரப்புகின்றன. இடையில் பேட்டரி தீர்ந்தால், நூற்றுக்கணக்கான எம்பி ஒலி உள்ளே இருக்க, கோப்பு தன் நீளம் பூஜ்யம் என்று சாதிக்கும். பயந்துபோய் அழித்துவிட வேண்டாம். கோப்பின் அளவிலிருந்து 44-ஐக் கழித்து ஒலித்துண்டின் நீளத்தையும், 8-ஐக் கழித்து மொத்த அளவையும் எழுதினால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

தலையில்லாத எம்பி3

எம்பி3 கோப்பில் மொத்தக் கோப்புக்கான தலைப்பகுதி என்று ஒன்று தரத்தில் கிடையாது. ரயில் பெட்டிகளாகக் கோத்த ஃபிரேம்கள் மட்டுமே. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் நான்கு பைட்டில் அதன் விவரம். 1990-களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தவர்களின் மனத்தில் ஒளிபரப்பும் தொலைத்தொடர்பும்தான் இருந்தன. நடுவில் கேட்கத் தொடங்குபவருக்கும் ஒலி புரிய வேண்டும். அதனால்தான் எம்பி3-ஐ நடுவில் வெட்டினாலும், இரண்டைச் சும்மா ஒட்டினாலும் பாடிவிடுகிறது.

128 கிலோபிட் எம்பி3 ஒன்றில் அடிக்கடி காணும் நான்கு பைட்டுகள் 255, 251, 144, 100. இவற்றை இருமத்தில் எழுதினால் 11111111 11111011 10010000 01100100. முதல் பதினொரு ஒன்றுகள் இங்கே ஃபிரேம் தொடங்குகிறது என்ற அடையாளம். அடுத்த 11 எம்பெக்-1. அதன்பின் 01 மூன்றாம் அடுக்கு. இங்கே எண்ணிக்கை தலைகீழ், 11-தான் முதல் அடுக்கு. அடுத்த 1 பிழை சோதனை எண் இல்லை என்கிறது. 1001 என்றால் 128 கிலோபிட். 00 என்றால் 44100. அடுத்த 0, இந்த ஃபிரேமுக்கு உபரி பைட் இல்லை என்பது. இன்னொரு 0 யாரும் பயன்படுத்தாத தனிப்பட்ட பிட். 01 கூட்டு ஸ்டீரியோ. 10 அந்தக் கூட்டின் வகை, அதாவது இடது வலதைத் தனித்தனியே வைக்காமல் இரண்டின் கூட்டலையும் கழித்தலையும் வைத்திருக்கிறது. அடுத்த 0 காப்புரிமை கிடையாது, 1 இது மூலப்படி. கடைசி 00 பழைய வானொலிக் கால ஒலித்திருத்தம் பற்றியது.

காப்புரிமை பிட்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. கோடிக்கணக்கான திருட்டுப் பாட்டுகளின் ஒவ்வொரு ஃபிரேமிலும், வினாடிக்கு முப்பத்தெட்டு முறை, இது காப்புரிமை அற்றது, இது மூலப்படி என்று கோப்பு சத்தியம் செய்துகொண்டிருக்கிறது. எந்தப் பிளேயரும் அதை மதிப்பதில்லை. கூற்று எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு ஃபிரேமில் 1152 சாம்பிள், நேரத்தில் 26 மில்லிவினாடி. 144-ஐ 128000-ஆல் பெருக்கி 44100-ஆல் வகுத்தால் ஃபிரேமின் பைட் அளவு 417.96. முழு எண்ணாக வரவில்லை. அதனால் 49 ஃபிரேமுக்கு 47-இல் ஒரு பைட்டைக் கூட்டி 418 ஆக்கிச் சமாளிக்கிறார்கள். இந்தச் சின்னக் கணக்குத்தான் எம்பி3 ஆராய்ச்சியின் முதல் கருவி. ஒரு ஃபிரேமைக் கண்டால் 417 அல்லது 418 பைட் தாண்டி அடுத்த 255 இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

ஃபிரேம்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையில்லை. அமைதியான இடத்தில் மிச்சமாகும் பிட்டுகளை அடுத்து வரும் மிருதங்க அடிக்குச் சேமித்துவைக்கும் வசதி எம்பி3-யில் உண்டு. ஒரு ஃபிரேமின் ஒலித்தரவு அதற்கு முன்னால் 511 பைட்வரை பின்னோக்கிச் சென்றும் தொடங்கலாம். அதனால் வெட்டிய இடத்தில் முதல் ஃபிரேம் தன் பாதிச் சரக்கை முந்தைய, இப்போது இல்லாத, ஃபிரேமில் தேடும். ஒட்டுவேலை நடந்த கோப்பில் சில மில்லிவினாடி மௌனமோ கரகரப்போ வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தலைப்பகுதி இல்லாததன் விலை நீளம் தெரியாமை. பிட் வீதம் மாறாத கோப்பில் வகுத்துப் பார்த்தால் போதும். மாறும் கோப்பில் முதல் ஃபிரேமை வைத்து ஊகித்தால் நான்கு நிமிடப் பாட்டு ஏழு நிமிடமாகத் தெரியும். இதற்காக ஸிங் என்ற நிறுவனம், ஒலியில்லாத ஒரு முதல் ஃபிரேமில் மொத்த எண்ணிக்கையை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. லேம் என்ற திறந்தமூலக் குறியாக்கி அதே இடத்தில் தன் பெயர், பதிப்பு எண், அதிர்வெண் வெட்டிய எல்லை, முன்னும் பின்னும் சேர்த்த வெற்றுச் சாம்பிள்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிந்தது. கடைசித் தகவல் இசை கேட்பவருக்கு முக்கியம். கச்சேரிப் பதிவில் ஆலாபனை ஒரு கோப்பும் கிருதி அடுத்த கோப்புமாகப் பிரிந்திருந்தால், இடையில் விழும் துண்டு மௌனத்தை அந்த எண்களை வைத்துத்தான் பிளேயர் அகற்றுகிறது. ஆராய்பவருக்கோ இந்த ஃபிரேம் ஒரு பொறி. ஸிங் எண்ணிக்கை கொண்ட இரண்டு எம்பி3-ஐ ஒட்டினால் பல பிளேயர்கள் முதல் கோப்பின் நீளத்தை மட்டும் காட்டிவிட்டு இரண்டையும் பாடும்.

கல்யாணி ஆல

பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எம்பி3 தரத்தில் இல்லவே இல்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் ஒட்டும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அடையாளத்துக்கு மூன்று, பாட்டுக்கு முப்பது, பாடியவருக்கு முப்பது, ஆல்பத்துக்கு முப்பது, ஆண்டுக்கு நான்கு, குறிப்புக்கு முப்பது, இசைவகைக்கு ஒன்று. இதுதான் ஐடி3 முதல் பதிப்பு.

முப்பது பைட் ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. யூனிகோடு தமிழில் யூடிஎஃப்-8 முறைப்படி ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆக, பத்தே குறிகள். 'கல்யாணி ஆலாபனை' என்று எழுதிப் பாருங்கள். 'கல்யாணி'க்கு 21, இடைவெளிக்கு 1, 'ஆ'வுக்கு 3, 'ல'வுக்கு 3, மொத்தம் 28. அடுத்த காலுக்கு மூன்று பைட் வேண்டும், இருப்பது இரண்டு. 'கல்யாணி ஆல' என்று நின்று, பக்கத்தில் அறுந்த எழுத்தின் அடையாளமாகக் கேள்விக்குறிச் சதுரம் ஒன்று உட்கார்ந்திருக்கும். இசைவகைக்கு ஒரு பைட். முதலில் தந்த 80 வகைப் பட்டியலில் போல்காவுக்கு 75 என்று எண் உண்டு, கர்நாடக இசைக்கு இல்லை. திரைப்பாட்டை வேண்டுமானால் 24-இல், படத்தின் ஒலித்தட்டு என்ற வகையில் சேர்க்கலாம். பூஜ்யத்துக்கு உரியது புளூஸ். எதுவும் நிரப்பாமல் பூஜ்யமாக விட்ட மென்பொருள்களின் புண்ணியத்தில் பக்திப் பாடல்கள்கூட புளூஸ் என்று காட்டியதுண்டு.

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் முன்னால் உட்காருகிறது, 256 எம்பிவரை வளரும், அட்டைப்படமும் பாடல் வரியும் கொள்ளும். அதன் நீளத்தை எழுதும் முறையில் ஒரு தந்திரம் இருக்கிறது. பழைய பிளேயர் டேக்கின் நடுவே 255-ஐயும் அதைத் தொடரும் பெரிய எண்ணையும் பார்த்தால் ஃபிரேம் என்று நினைத்து இரைச்சல் எழுப்பும். ஆகவே நீளத்தின் ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட் மட்டுமே பயன்படும். 0, 0, 15, 118 என்று இருந்தால் 15-ஐ 256-ஆல் பெருக்காமல் 128-ஆல் பெருக்கி 118-ஐக் கூட்ட வேண்டும், விடை 2038. இது தெரியாமல் 3958 என்று வாசித்தால் பாட்டின் தொடக்கத்தில் ஒரு நொடியின் சிறு துணுக்கு விழுங்கப்படும்.

இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அது எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்று சொல்லும் ஒரு பைட் உண்டு. 0 என்றால் மேற்கு ஐரோப்பிய எழுத்து, 1 என்றால் யூடிஎஃப்-16. 2000-இல் வந்த 2.4 பதிப்பில்தான் 3, அதாவது யூடிஎஃப்-8, சேர்ந்தது. தமிழ்ப் பாட்டுகளின் டேக்குகள் குப்பையாகத் தெரிவதன் மூலகாரணம் இந்த ஒரு பைட்தான். உள்ளே யூடிஎஃப்-8 தமிழை எழுதிவிட்டு 0 என்று சொன்னால், பெரும்பாலான தமிழ்க் குறிகள் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி என மூன்றாகச் சிதறும். சிதறலில் இந்த ஏ, ஆர் ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் கவலையில்லை, உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. கூற்றை மாற்றினால் போதும். டிஸ்கியிலோ, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் முறைகளிலோ எழுதிய பழைய டேக் என்றால் அந்த ஜோடி வராது. அவற்றுக்கென்று ஐடி3-இல் எண் எதுவும் கிடையாது என்பதால் எழுதியவர்களுக்கு 0 என்று பொய் சொல்வதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. அங்கே எழுத்துரு எது என்று ஊகித்து மாற்றியாக வேண்டும். இதற்கெல்லாம் மேலே, பாடியவர், ஆல்பம், குறிப்பு என எல்லாக் கட்டத்திலும் தன் இணைய முகவரியையே எழுதிவைக்கும் பதிவிறக்கத் தளங்கள். இரண்டு தலைமுறைத் தமிழ்த் திரைப்பாட்டுச் சேகரிப்பில் இசையமைப்பாளர் பெயரையே அழித்த கைங்கரியம் அவர்களுடையது.

சரக்கே சாட்சி சொல்லும் இடம்

கூற்றைச் சோதிக்கும் வழியைக் கோப்புக்குள்ளேயே வைத்தது ஃபிளாக். ஜாஷ் கோல்சன் எழுதி 2001-இல் வெளிவந்த இந்த இழப்பற்ற வடிவம், 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று முறையான இணையத் தரமாகவும் ஆயிற்று. சுருக்கும் உத்தி நேரடியானது. முந்தைய சாம்பிள்களிலிருந்து அடுத்ததை ஊகி. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுது. 1000, 1010 என்று வந்தால் அடுத்தது 1020 என்று ஊகிக்கலாம். உண்மையில் 1019 வந்தால் எழுத வேண்டியது கழித்தல் 1 மட்டும். 16 பிட் எண்ணின் இடத்தில் இரண்டு மூன்று பிட் போதும்.

முதல் நான்கு எழுத்துக்கும் ஒரு சின்னத் தலைப்புக்கும் பிறகு 34 பைட்டில் ஒரு தகவல் துண்டு. சாம்பிள் வீதத்துக்கு 20 பிட், சேனலுக்கு 3, மொத்த சாம்பிள் எண்ணிக்கைக்கு 36. கடைசி 16 பைட்டில்தான் சிறப்பு: சுருக்குவதற்கு முன்பிருந்த மூல ஒலியின் எம்டி5 கைநாட்டு. கோப்பை விரித்து, கிடைத்த ஒலிக்கு எம்டி5 கணக்கிட்டு ஒப்பிட்டால், ஒரு சாம்பிள் பிசகியிருந்தாலும் தெரிந்துவிடும். டேக்கில் எதை மாற்றினாலும் இந்தக் கைநாட்டு மாறாது. பெயர்களை எழுதும் துண்டில் யூடிஎஃப்-8 மட்டுமே, அதனால் கல்யாணி ஆலாபனைக்கும் பங்கமில்லை. ஒரு வேடிக்கை, ஃபிளாக் முழுவதும் எண்கள் பெரிய பகுதி முதலில் வரும் வரிசையில் இருக்க, வார்பிஸ் என்ற ஒலி வடிவத்திடமிருந்து கடன் வாங்கிய இந்தப் பெயர்த் துண்டின் உள்ளே மட்டும் வரிசை தலைகீழ்.

ஆனால் எம்டி5 சொல்வது குறியாக்கியிடம் கொடுத்த ஒலி இதுதான் என்பதை மட்டும். கொடுத்தது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 128 கிலோபிட் எம்பி3-ஐ விரித்து ஃபிளாக்காக மாற்றி, இழப்பற்றது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதே எம்பி3-ஐ 320 ஆக மறுபடி சுருக்கினால் ஃபிரேமின் நெற்றியில் 1001 இருந்த இடத்தில் 1110 வந்துவிடும், தொலைந்த ஒலி வராது. இங்கே கூற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும், பெருக்கல் உதைக்காது. இனி ஒலியைத்தான் கேட்க வேண்டும், அல்லது பார்க்க வேண்டும். அதிர்வெண் வரைபடத்தில், 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்த ஒலி ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸில் சுவர் வைத்தாற்போல் நின்றுவிடும். லேம் எழுதிய எல்லை 200 என்றால் 20,000 ஹெர்ட்ஸ்வரை வைத்திருக்கிறேன் என்று பொருள்; வரைபடம் 16,000-இல் முடிந்தால் கோப்பு இரண்டாம் முறை சுருக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

இந்தச் சோதனையைக் கண்மூடிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 1950-களின் இசைத்தட்டைக் கவனமாக டிஜிட்டலாக்கினாலும் மேலே இசை இருக்காது. அங்கே ஒலி சரிவாகத் தேய்ந்து, ஊசியின் இரைச்சலோடு கலக்கும். எம்பி3 விட்டுச்செல்வது செங்குத்து வெட்டு. பண்பலை வானொலியிலிருந்து பதிந்ததிலும் செங்குத்து வெட்டு உண்டு, ஆனால் 15,000-இல். 19,000-இல் ஓடும் ஸ்டீரியோ வழிகாட்டி ஒலிக்கு இடம் விட அவர்கள் அங்கேயே நிறுத்துகிறார்கள். வெட்டு எங்கே, எப்படி என்று பார்க்காமல் போலி என்று முத்திரை குத்துவது, போலியை உண்மை என்று நம்புவதைவிடப் பெரிய தவறு. காப்பகங்களில் நல்ல பதிவு குப்பைக்குப் போவது அப்படித்தான்.

எம்4ஏ கோப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிளின் குயிக்டைம் வழிவந்த பெட்டிகள். ஒரு பெட்டியில் ஒலி, இன்னொன்றில் எந்த ஒலித்துண்டு எங்கே எவ்வளவு நீளம் என்ற அட்டவணை. உள்ளே இருக்கும் ஏஏசி ஃபிரேமுக்கு எம்பி3 போல நெற்றி அடையாளம் கிடையாது, எல்லாம் அட்டவணையை நம்பியே இருக்கின்றன. பல ஃபோன்கள் அட்டவணையைப் பதிவின் இறுதியில்தான் எழுதும். நடுவில் ஃபோன் அணைந்தால் ஒலி முழுவதும் இருந்தும் வாசிக்க வழியிருக்காது. வேவ் கோப்புக்குச் சொன்ன எளிய வைத்தியம் இங்கே பலிக்காது. நேர்காணல் எடுப்பவர்கள் இதற்காகவே வேவில் பதிவது நல்லது என்பேன். ஆப்பிள் பூட்டை நீக்கி விற்ற பாட்டுகளின் பெட்டிகளில் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்ததை 2007-இல் பலர் கண்டுபிடித்து எழுதினார்கள். நண்பருக்குக் கொடுத்த பாட்டு, கொடுத்தவரின் முகவரியோடு போனது.

வாட்ஸ்அப் குரல் செய்தியின் உறை ஆக், உள்ளே ஓபஸ். ஆக் கோப்பு பக்கங்களாக இருக்கும். ஒரு பக்கம் 65,307 பைட்டைத் தாண்டாது. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண், அதுவரையிலான நேரக்கணக்கு, 32 பிட் பிழை சோதனை எண். பக்கம் ஒன்றை நடுவிலிருந்து உருவினால் வரிசை எண்ணில் ஓட்டை தெரியும். இதைக் கண்டு ஆக் கோப்பில் கைவைக்க முடியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெட்டிய பின் எண்களைப் புதிதாக எழுதித் தர இலவச மென்பொருளே போதும். பிழை சோதனை எண் தற்செயலான சேதத்துக்குக் காவல், வேண்டுமென்றே செய்ததற்கு இல்லை.

நீதிமன்றத்தில்

கூற்றுக்கும் சரக்குக்கும் உள்ள வேறுபாடு சட்டத்தில் நேரடியாக இடிக்கிறது. தேர்தல் பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய குறுந்தகடுகள் பற்றிய பி.வி. அன்வர் எதிர் பி.கே. பஷீர் வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம், உரிய சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் படியைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது எம்டி5 போன்ற கைநாட்டையும், கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கோப்பு முழுவதற்குமான ஹாஷ். டேக்கில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், பிளேயர் ஒன்று மதிப்பெண் நட்சத்திரத்தைக் கோப்பிலேயே எழுதினாலும் மதிப்பு அடியோடு மாறும், ஒலியில் ஒரு சாம்பிள்கூட மாறாதிருந்தும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால் ஒலியை மட்டும் பிரித்து அதற்குத் தனி ஹாஷ் எடுத்து இரண்டையும் சான்றிதழில் குறித்தால் இந்தத் தகராறு வராது. சட்டம் அதைக் கேட்கவில்லை என்றாலும் பதிவைக் கையாளும் நிபுணர்கள் செய்யலாம்.

எஃப்எஃப்எம்பெக் தானும் ஒரு தடயத்தை விட்டுச்செல்லும். அது எழுதும் கோப்புகளில் வழக்கமாக லாவ்எஃப் என்ற எழுத்துகளும் பதிப்பு எண்ணும் பதியும். ஃபோனில் நேரடியாகப் பதிந்தது, யாரும் தொடவில்லை என்று சொல்லும் கோப்பில் அந்த எழுத்துகள் இருந்தால், கோப்பு குறைந்தது ஒரு முறை வேறு கை வழியே வந்திருக்கிறது. அதனால் உள்ளடக்கம் திருத்தப்பட்டது என்று ஆகிவிடாது. வடிவம் மாற்றியதாகவும் இருக்கலாம். இல்லாததால் சுத்தம் என்றும் ஆகாது, அந்த எழுத்துகளை அழிக்க ஒரு கட்டளை போதும்.

தேதியைச் சோதிக்க ஒலிக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு: மின்சாரத்தின் முனகல். 50 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நொடி ஒரு ஹெர்ட்ஸில் நூறில் சில பங்கு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பதிவில் படிந்திருந்தால், மின்கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு எந்த நேரத்தில் பதிந்தது என்று சொல்லலாம். ருமேனியாவின் கதலின் கிரிகோராஸ் இந்த முறையைத் தடயவியலில் வளர்த்தவர்களில் முக்கியமானவர். தென்னகக் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசியக் கட்டமைப்போடு ஒத்தியங்கத் தொடங்கியதிலிருந்து சென்னையிலும் டெல்லியிலும் ஒரே ஏற்ற இறக்கம்தான். ஆகவே இந்தியாவில் இது நேரத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. குரல் செய்திகளில் தாழ்ந்த அதிர்வெண் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுவதால் அங்கே இந்தச் சாட்சி வாய் திறப்பதும் அரிது.

இயந்திரம் உருவாக்கும் குரல்கள் பெருகிய பின், கூற்றுகளுக்கே கையொப்பம் இடும் முயற்சி வந்திருக்கிறது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை 2021-இல் கூடி அமைத்த சி2பிஏ தரம், கோப்பு எந்தக் கருவியில் உருவாகி எந்தத் திருத்தங்களைக் கண்டது என்ற வரலாற்றை மறையீட்டுக் கையொப்பத்தோடு கோப்புக்குள் வைக்கிறது. வேவில் அது இன்னொரு துண்டு, எம்பி3-யில் ஐடி3 டேக்குக்குள் இன்னொரு பகுதி. மாற்றி எழுதினால் கையொப்பம் பொருந்தாமல் போகும். ஆனால் உட்கார்ந்திருப்பது அதே பழைய பையில்தான். டேக்கை உருவினாலும், அதைச் சுமக்கத் தெரியாத செயலி வழியே மறுபடி சுருக்கினாலும் கையொப்பம் விழுந்துவிடும். இருக்கும்போது யார் இட்டது என்று சொல்லலாம். இல்லாத கோப்பில், அது அகற்றப்பட்டதா, முதலிலிருந்தே இல்லையா என்று கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல இன்றுவரை வழியில்லை.